பக்கம் ஏ, கடைசிப் பாட்டு

குலநாயகத்தின் றெக்கோடிங் பாரில்
பதினொரு பாட்டு எழுதிக் கொடுத்தேன்.
பன்னிரண்டு வந்தது.
"மிச்ச நாடாவைச் சும்மா விடக்கூடாது, பிள்ளை"
என்றார். அதற்குக் காசு எடுக்கவில்லை.

பன்னிரண்டாவதுக்கு
ஒன்றரை நிமிடம்தான் இடமிருந்தது.
முன்பின் கேட்டிராத பெண்குரல்,
மழைக்கு ஒதுங்கியவள் போல அவசரமில்லாமல் பாடி
"கதவை நான்" என்றாள்.
டக்.
நாடா முடிந்தது.

கதவை நான் என்ன?
திறந்தேனா, தட்டினேனா, உடைத்தேனா,
பெயின்ற் அடித்தேனா?
காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம்
ஒரு வினைச்சொல்லைப் பொருத்திப் பார்ப்பேன்.

தொண்ணூற்றாறில்
கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில்
கைப்பையைக் கொட்டியவனுக்கு
என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.
கசெற்றைத் தூக்கிப் பிடித்து என்ன இது என்றான்.
"சிந்து" என்றேன்.
அவன் மொழியிலும் அது பாட்டு, என் மொழியிலும் பாட்டு,
ஆனாலும் ஜீப்புக்குள் போட்டுக் கேட்டான்.
வரிசையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள்.
பதினொரு பாட்டுக்கும் தலையாட்டாதவன்
பன்னிரண்டாவது அறுந்த இடத்தில்
திரும்பிப் பார்த்தான்.
ஏன் நின்றது?
இதற்குப் பிறகு என்ன சொல்கிறாள்?

தெரியாது என்றேன்.
அந்த நாளில் கொழும்பில்
ஒருவரும் நம்பாத பதில் அது.
இன்னும் நாற்பது நிமிடம் வெயிலில் நிற்க வைத்தான்.

குலநாயகத்திடமே கேட்டிருக்கலாம்.
நான் போனபோது அங்கே போன் கார்ட் விற்றார்கள்.
ஆள் எங்கே என்றதற்கு
ஆளுக்கொரு நாடு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு
பெண்குரல் என்று மட்டையில் இருந்தால் வாங்கினேன்.
சீடி வந்தது, வாங்கினேன்.
ஒரு தட்டில் இருநூறு பாட்டு, நூறு ரூபாய்,
புறக்கோட்டை நடைபாதையில் குந்தியிருந்து வாங்கினேன்.
வெள்ளவத்தைக் கடற்காற்று
கசெற்றுக்கு வெள்ளைப் பூஞ்சணம் வைத்தது.
அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.
சோற்றில் ஒருநாள் லேபிள் துண்டு வந்தது.
தயாளன் ஒன்றும் சொல்லாமல்
கோப்பையோரம் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

போன வருசம் மருதானையில்
றிஸ்வியின் பழைய சாமான் கடை,
தையல் மெசினுக்குக் கீழே ஒரு எல்பி.
மட்டையின் பின்பக்கம் பச்சை மையில்,
கணக்குக் கொப்பி எழுத்து:

மூன்றாவது பாட்டைப் போடவேண்டாம்
பவளம் நிற்கும்போது.

வெள்ளைக்காரருக்கென்றால் பன்னிரண்டாயிரம்,
உங்களுக்கு நாலு என்றான் றிஸ்வி.
பேரம் பேச மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவவில்லை,
மூன்றாவதில் ஊசியை வைத்தேன்.
அவளேதான்.
அதே அவசரமின்மை.
"கதவை நான்" என்றபோது
என் விரல் தன்பாட்டில் நிறுத்தப் போனது.
அவள் நிற்கவில்லை.

"சாத்தவில்லை."

அவ்வளவுதான்.
பிறகு பல்லவி, இரண்டுதரம்.
பிறகு ஊசி வெறுமையில் உரசும் சத்தம்.
இதற்கா மூன்று அலுமாரி?
குளியலறைக்குள்ளிருந்து "கிடைச்சிட்டுதோ?" என்றார்.
கிடைத்தது என்றேன்,
குடை கிடைத்தது என்பது போல.

தட்டைக் கழற்றி
உறைக்குள் போடுமுன் லைற்றில் சரித்தேன்.
ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து:
தேய்ந்து தேய்ந்து சாம்பல் நிறம்.
நடுவில் அந்த ஒரு வளையம் மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய கறுப்பில்
ஈரம் போல மினுங்கியது.

அப்படியென்றால் பவளம்
எந்த நேரமும் வீட்டில்தான்
நின்றிருக்கிறாள்.